பக்கத்துக் கடை

தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகள் 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒரு மதுக்கடை எங்கே அமையக்கூடாது என்பதை அவற்றின் எட்டாம் விதி சொல்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. இதையொட்டி ஒரு விலக்கும் உண்டு. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப்பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ குறிக்கப்பட்ட இடங்களுக்கு இந்தத் தொலைவுக் கட்டுப்பாடு பொருந்தாது.

இந்தச் சில வரிகளில் கடவுள் இருக்கிறார், கல்வி இருக்கிறது. பக்கத்துக் கடை இல்லை. அதாவது மதுக்கடைக்கு இடப்புறம் தையல்கடை வைத்திருப்பவரும், வலப்புறம் ஜெராக்ஸ் எடுத்துக்கொடுப்பவரும், எதிரில் இட்லி மாவு அரைத்து விற்பவரும் இந்த விதியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலக்கோ இன்னும் விசித்திரமானது. வணிகப்பகுதி என்றாலே அங்கே காக்கப்படவேண்டியது எதுவும் இல்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கடைகள் நிறைந்த தெருவில் இன்னொரு கடை வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விதி எழுதியவர் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

விம்கோ நகர் போன்ற ஓர் இடத்தை வைத்து இதை யோசிப்பது பொருத்தமாக இருக்கும். ஊருக்குப் பெயர் தந்ததே ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை டயர், லாரி, மோட்டார் சைக்கிள், சாணைக்கல் என்று ஒரு நூற்றாண்டின் தொழில்கள் இந்தக் கடலோரத்தில் வரிசையாக வந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் அவற்றைத் தொடர்ந்து வந்தன. குடியிருப்புகளை நம்பிக் கடைகள் வந்தன. 2011இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் நகரத்துக்குள் வேலைக்குப் போய் இரவு ஏழு எட்டு மணிக்குத் திரும்பும் பெண்களுக்கு அதன் பிறகு இன்னொரு வழி கிடைத்தது. நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்த நடையில்தான் அவர்கள் மாவு வாங்குகிறார்கள், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள், பிள்ளையின் பிராஜெக்டுக்குச் சார்ட் வாங்குகிறார்கள். வரைபடத்தில் தொழிற்பகுதிக்குரிய நிறம் பூசப்பட்ட இடங்களை ஒட்டியே இங்கே பல பத்தாண்டுகளாக வீடுகளும் கடைகளும் இருந்துவருகின்றன. அத்தகைய பகுதிகளுக்குத்தான் விலக்கு முழுதாகப் பொருந்தும்.

*

ஒரு மதுக்கடை வந்தால் தெருவின் வணிகம் அழிந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. சில வணிகங்கள் செழிக்கின்றன. அவித்த முட்டை, சுண்டல், வறுத்த மீன், தண்ணீர், டம்ளர் விற்பவர்களுக்கு மதுக்கடையே மூலதனம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கடைசியாக மறைந்த இடங்களில் ஒன்றாக மதுக்கடையின் வாசலே இருக்கும். இந்த வணிகத்தின் மதிப்பு அரசுக்கும் தெரியும். மதுக்கடையோடு இணைந்த பார் என்பது சட்டத்தின் மொழியில் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் தரப்படும் உரிமம். அதை டெண்டர் விட்டுத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்து வணிகத்தால் வரும் லாபத்தை அரசு இவ்வாறு கணக்கில் வைக்கிறது. பக்கத்து வணிகத்துக்கு வரும் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

நஷ்டம் யாருக்கு? பெண்களும் குழந்தைகளும் வந்து நிற்கவேண்டிய கடைகளுக்கு. தையல்கடை, ஃபேன்சி ஸ்டோர், டியூஷன் சென்டர், பியூட்டி பார்லர், சிறிய கிளினிக், அதையொட்டிய மருந்துக்கடை. 2016 மே மாதத்தில் மதுக்கடைகளின் நேரம் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை என்று குறைக்கப்பட்டது. காலையில் குடிப்பதைத் தடுக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் மதுக்கடைக்குக் கூட்டம் சேரும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலான நேரம்தான் மேலே சொன்ன கடைகளுக்கும் வியாபார நேரம். காலையில் தையல்கடைக்கு யார் வருகிறார்கள்?

இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியும் வகையில் நிகழ்வதில்லை. கடை மூடப்பட்டால் அது செய்தி. கடையை ஒன்றரை மணி நேரம் முன்னதாக மூடினால் யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு இறங்கிய ஷட்டர் ஏழரைக்கு இறங்குகிறது. பழைய வாடிக்கையாளர் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை, வராமல் இருந்துவிடுகிறார். வீட்டில் யாரோ ஒருவர் “அந்தப் பக்கமாகப் போகாதே” என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று கடைக்காரர் கேட்கவும் முடியாது. வராதவரிடம் எங்கே போய்க் கேட்பது?

அவர் வேறிடத்துக்குப் போகலாமே என்பது எளிய யோசனை. சென்னையில் கடை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு அட்வான்ஸ் என்ற சொல்லின் பாரம் தெரியும். பல மாத வாடகையை முன்பணமாகக் கட்டி, அலமாரி அடித்து, பெயர்ப்பலகை மாட்டி, தெருவுக்குப் பழகிய முகமாக ஆக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தப் பழக்கம்தான் சிறுவணிகரின் உண்மையான சொத்து. அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. கட்டட உரிமையாளருக்கு இந்தக் கவலை இல்லை. அவரைப் பொறுத்தவரை மதுக்கடை என்பது வாடகை தவறாத குடித்தனக்காரர்.

*

இலக்கிய வாசகருக்கு இது எதற்கு என்று ஒரு கேள்வி எழலாம். நம்முடைய பழைய நகரங்களைப் பாடியவர்கள் இந்த விஷயத்தைப் பாடாமல் விடவில்லை என்பதே என் பதில். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைப் பாடுகிறார். கள் விற்கும் மனையின் கொடி அவற்றில் ஒன்று. அந்த மனையின் முற்றத்தில் மீனை அறுக்கிறார்கள், இறைச்சி பொரியும் ஓசை கேட்கிறது. மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறது. நம் சைடிஷ் கடையின் முப்பாட்டனை அங்கே பார்க்கலாம். அதே பகுதியில் வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடியும் துறையில் நிற்கும் நாவாய்களின் கொடியும் பறக்கின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்து வணிகர்களின் பட்டியல் வருகிறது. பிட்டு விற்போர், அப்பம் விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர் என்று போகும் அந்த வரிசையில் கள் விற்பவர்கள் பெண்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கவேண்டிய தேவை இருந்திருக்கிறது. நான் கவனிப்பது ஒன்றை மட்டுமே. அந்தத் துறைமுகத் தெருவில் கள் விற்கும் இடம் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. முற்றம் இருக்கிறது, உள்ளே போக வாசல் இருக்கிறது, பலர் போய்வருகிறார்கள். மற்ற வணிகங்களோடு சேர்த்து எண்ணப்படும் ஒரு வணிகமாக அது இருக்கிறது. நம் காலத்து மதுக்கடையில் முற்றம் இல்லை. கம்பிவலைக்குப் பின்னால் ஒரு கை, முன்னால் பல கைகள். பணம் உள்ளே போகிறது, பாட்டில் வெளியே வருகிறது, அத்துடன் கடையின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. வாங்கியவர் எங்கே குடிப்பார்? பார் இல்லாவிட்டால் அல்லது பாரின் விலை கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்துக் கடையின் படிக்கட்டில் குடிப்பார். எங்கே சிறுநீர் கழிப்பார்? பக்கத்துச் சுவரில். காலி பாட்டிலை எங்கே வைப்பார்? காலையில் அந்தப் படிக்கட்டைக் கழுவிவிட்டுக் கடையைத் திறப்பவரைக் கேட்டால் தெரியும்.

*

கனடாவில் இதே விவாதம் கஞ்சாவை முன்னிட்டு நடந்திருக்கிறது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரில் பொதுப்பயன்பாடு சட்டபூர்வமாவதற்கு முன்பே மருத்துவக் கஞ்சா என்ற பெயர்ப்பலகையோடு உரிமமற்ற கடைகள் பெருகின. 2016 மே மாதத்தில் காவல்துறை அவற்றில் பலவற்றில் ஒரே நாளில் சோதனை நடத்தியது. 2018 அக்டோபர் 17 அன்று நாடு முழுவதும் கஞ்சா சட்டபூர்வமாயிற்று. ஒண்டாரியோ மாகாணம் ஒவ்வொரு நகராட்சிக்கும் 2019 ஜனவரி 22 வரை அவகாசம் கொடுத்து, கடைகள் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்றது. தமிழர்கள் நிறைந்த மார்க்கம் நகரம் வேண்டாம் என்றது. பக்கத்திலிருக்கும் டொராண்டோ வேண்டும் என்றது.

அங்கே ஒரு கடை வருவதற்கு முன் அந்த இடத்திலேயே அறிவிப்பு ஒட்டவேண்டும். 15 நாட்களுக்குள் அக்கம்பக்கத்தார் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பள்ளியிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். இவையெல்லாம் நமக்கு ஏக்கம் தரக்கூடியவை. ஆனால் பக்கத்து வணிகருக்கு அங்கேயும் முழு இடம் இல்லை. பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, சிறுவர் நலன், சட்டவிரோத விற்பனையைத் தடுப்பது ஆகிய காரணங்களைச் சொல்லலாம். என் வியாபாரம் போகும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. டொராண்டோவின் சில வீதிகளில் கஞ்சாக் கடைகள் நெருக்கமாக முளைத்து மற்றக் கடைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்ற முறையீடு சில ஆண்டுகள் தொடர்ந்து கேட்டது.

இதற்கு எதிரான ஒரு சான்றையும் சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2010இல் நூற்றுக்கணக்கான மருத்துவக் கஞ்சாக் கடைகளை மூட உத்தரவிட்டது. டாம் சாங், மிரே ஜேக்கப்சன் என்ற இரு பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். மூடிய கடைகளைச் சுற்றிக் குற்றங்கள் குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டதற்கு மாறாக, குறுகிய காலத்துக்கு அதிகரித்திருந்தன. உணவகங்கள் மூடப்பட்டபோதும் ஏறத்தாழ இதே போக்கு இருந்தது. ஆளோட்டமும் கண்காணிப்பும் இருந்த இடம் வெறிச்சோடிப் போனதே காரணம் என்பது அவர்கள் கருத்து. போதைப்பொருள் விற்கும் கடை என்பதாலேயே தெரு கெட்டுவிடும் என்ற வாதத்தை இது பலவீனப்படுத்துகிறது. அதை நான் ஏற்கிறேன். தெருவைக் கெடுப்பது எது என்ற கேள்வியை இது இன்னும் கூர்மையாக்குகிறது. அந்தக் கடைகளில் வாங்கியவர் உள்ளே போய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் காவலாளி நின்றார். நம் மதுக்கடையோ ஆட்களைச் சேர்த்துத் தெருவில் விட்டுவிடுகிறது. விற்கும் பொருளைவிட விற்கும் முறைதான் பக்கத்துக் கடையை அழிக்கிறது.

*

மதுவிலக்கே தீர்வு என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2015 ஜூலையில் சசிபெருமாள் மார்த்தாண்டம் பகுதியில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடும்போதே இறந்தார். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் தெருவில் அமர்ந்தார்கள், ஒரு காவல் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. ஆனால் 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது முதல் நாம் இந்த வட்டத்தைப் பலமுறை சுற்றிவிட்டோம். முழு மதுவிலக்கு இருந்த நாட்களிலும் மருத்துவச் சான்று காட்டியவருக்குப் பெர்மிட் இருந்தது. குஜராத்தில் இன்றும் உடல்நலப் பெர்மிட் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அரசுக் கடை எட்டாத இடத்திலும் விலை எட்டாத இடத்திலும் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

அரசின் கணக்கும் வெளிப்படையானது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2024–25 நிதியாண்டில் மதுவிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோதும் 4,829 கடைகள் எஞ்சியிருந்தன. இவ்வளவு பெரிய வருவாயை எந்தக் கட்சியும் ஒரே கையெழுத்தில் விட்டுவிடும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

அகற்று என்ற கோரிக்கையில் உள்ள சிக்கலை 2017 நன்றாகக் காட்டியது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நெடுஞ்சாலையில் மூடிய கடைகளில் பல ஊருக்குள் இடம் தேடின. அதுவரை மதுக்கடை பார்க்காத தெருக்கள் பார்த்தன. அந்த ஆண்டின் போராட்டங்கள் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவை. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று ஜூலையில் நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. ஆக, கடை மறைவதில்லை, நகர்கிறது. நகரும்போது எந்தத் தெருவுக்கு வக்கீல் வைக்கவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையவும் முடியாதோ அந்தத் தெருவில் போய் நிற்கிறது. வடசென்னைக்கு இது புதிய அனுபவம் அல்ல. மற்றவர்கள் வேண்டாம் என்ற அனல்மின் சாம்பலும் கண்டெய்னர் லாரி வரிசையும் இந்தப் பக்கமாகத்தான் வந்து சேர்ந்தன.

குடிப்பவரைப் பற்றியும் ஒரு சொல். வடசென்னை என்றாலே குடியும் அடிதடியும் என்று காட்டிப் பழகிய திரைப்படங்கள் நமக்குள் ஒரு மங்கலான எண்ணத்தை விதைத்திருக்கின்றன. அங்கே மதுக்கடை இருப்பது இயல்புதானே என்ற எண்ணம் அது. பத்து மணி நேரம் இரும்போடும் ரப்பரோடும் மல்லுக்கட்டிவிட்டு வருபவர் ஒரு குவார்ட்டர் வாங்குவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் உட்கார ஓர் இடம், ஒரு கழிப்பறை, மரியாதையான ஒரு வாசல் கிடையாது என்பதே இங்கு பேசவேண்டிய விஷயம். அவர் படிக்கட்டில் உட்காருவது தையல்கடைக்காரரை விரட்டுவதற்காக அல்ல. இருவரையும் ஒரே படிக்கட்டுக்கு மோதவிட்டது விற்பனை முறை.

*

சட்டத்தின் பார்வையில் ஒரு முரண்பாடு இருக்கிறது. எந்தத் தொழிலையும் வணிகத்தையும் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு அடிப்படை உரிமையாகத் தருகிறது. மது வணிகம் அந்த அடிப்படை உரிமையில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் தொண்ணூறுகளின் நடுவிலேயே சொல்லிவிட்டது. 47ஆம் உறுப்போ, மருத்துவத் தேவை தவிர மதுவையும் போதைப்பொருள்களையும் தடைசெய்ய முயலுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. ஆக, அடிப்படை உரிமை உள்ள வணிகம் தையல்கடை. அடிப்படை உரிமை இல்லாத வணிகம் மதுக்கடை. ஆனால் தொலைவுகளை வகுத்த விதியில் முதலாவதற்கு ஒரு சொல்கூட இல்லை, இரண்டாவதற்கு விலக்கு இருக்கிறது.

எனவே பக்கத்து வணிகர்களின் சார்பில் கேட்கவேண்டியவை எளிமையானவை என்று நினைக்கிறேன்.

முதலாவது, வணிகப்பகுதிக்கும் தொழிற்பகுதிக்கும் தரப்பட்ட விலக்கை நீக்கவேண்டும். வரைபடத்தின் நிறத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, கடை வருமுன் அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டி, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் கருத்தை எழுத்தில் பெறவேண்டும். 2022 நவம்பர் முதல் நம் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் இடத்தில் இதையும் பேசலாம். கடை வந்தபிறகு ஆட்சியருக்கு மனு எழுதுவதைவிட வருமுன் கேட்பது அரசுக்கும் சுலபம்.

மூன்றாவது, வாசலுக்கு வெளியே நிகழ்வதும் விற்பனையின் செலவு என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நீலகிரியில் காடுகளில் வீசப்பட்ட பாட்டில்களால் யானைகளின் கால்கள் கிழிபட்டன. உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே முதல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக்கொடுத்தால் திருப்பித்தரும் முறை வந்தது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. யானைக்காக முடிந்தது தெருவுக்காகவும் முடியும். கழிப்பறை, வெளிச்சம், வாசலைத் துப்புரவு செய்ய ஓர் ஆள், பக்கத்துப் படிக்கட்டில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். 48,344 கோடியில் இது எத்தனை காசு?

நான்காவது, ஒரு கடையை மாற்றும்போது எங்கிருந்து என்பதோடு எங்கே என்பதையும் அதே உத்தரவில் சொல்லவேண்டும். ஒரு தெருவின் வெற்றி அடுத்த தெருவுக்குத் தெரியாமல் அதன் தோல்வியாக மாறக்கூடாது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவர் எல்லாவற்றையும் துறந்து கடைசியில் வந்து அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. பட்டினத்தாருக்குச் சொத்தைத் துறக்க முடிந்தது. விம்கோ நகரில் ஒரு தையல் மெஷினையும் பத்து மாத அட்வான்ஸையும் வைத்திருப்பவருக்கு அது முடியாது. அவர் கேட்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஷட்டர் திறந்திருக்கவேண்டும் என்பதை மட்டும்தான். அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் எடுக்கும் ஒரு வரியை விதியில் சேர்ப்பதற்குப் புரட்சி எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.